நாரையின் முன்மூடி

மூடி என் பையில் இருக்கிறது. டிராக் பேன்ட்டின் இடது பையில், தொடையை உறுத்திக்கொண்டு. ஊறுகாய் பாட்டில் மூடி அளவு, கறுப்பு, உள்ளே ஒரு ரப்பர் வளையம். நாரை என்கிற படகின் முன்மூடி. அந்த நாரை கரையிலிருந்து பத்துத் துடுப்பு தூரம் போய்விட்டது. அதன் மூக்குப் பக்கம், இந்த மூடி இருக்கவேண்டிய இடத்தில், ஒரு வட்டத் துளை வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. படகில் இருக்கிற இரண்டு பேருக்கும் அது தெரியாது, எனக்குத் தெரியும். கத்தினால் கேட்கும். ரெஜினா, மூடி. இரண்டே வார்த்தை. வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன், மூச்சுகூட இழுத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து அந்தப் பெண் சம்யுக்தா, ரெஜினாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள், என் இடத்தில் உட்கார்ந்திருப்பவள், ரெஜினாவிடம் ஏதோ சொல்லச் சாய்ந்தாள். முதலில் வலது பக்கம் சாய்ந்தாள். சட்டென்று நிறுத்தி, இந்தப் பக்கம் மாறி, இடது காதில் சொன்னாள். ஆக இவளுக்கும் தெரிந்திருக்கிறது. இழுத்த மூச்சு அப்படியே நின்றுவிட்டது. ரெஜினா சிரித்தாள். துடுப்பு வலிக்கிறவர்கள் போகும் திசைக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டும், அதனால் கரையை விட்டுப் போகும்போது முகம் கரையைப் பார்த்தபடியே போவார்கள். அவள் சிரித்தது எனக்கு நன்றாகவே தெரிந்தது. இருக்கட்டும். ஆற்றுக்குக் குறுக்கே இருக்கிற ரயில் பாலம் வரைக்கும் கொட்டகை மணிச் சத்தம் கேட்கும். மூன்று அடி அடித்தால் எந்தப் படகும் உடனே திரும்ப வேண்டும், எங்கள் படகுக் கொட்டகையில் அது சட்டம். கரையில் நிற்கிற ஆளுக்கு இருக்கிற ஒரே அதிகாரமும் அதுதான், இன்றைக்குக் கரை ஆள் நான். பாலத்துக்கு முந்நூறு மீட்டர் இருக்கிறது. நிதானமாக வலித்தால் இரண்டு நிமிஷம்.

அந்தக் காது எனக்குத் தெரிந்த காது. ஜனவரியில் ரெஜினாவுக்கு வலது காதில் சவ்வு தைத்தார்கள். கணவர் மஸ்கட்டில், பையனுக்குப் பரீட்சை, ஆஸ்பத்திரியில் இரண்டு நாளும் கூட இருந்தவள் நான். மூன்று மாதத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது, போனால் தைத்ததெல்லாம் வீண் என்று டாக்டர் சொன்னது என்னிடம்தான், அவள் மயக்கம் தெளியாமல் கிடந்தாள். தெளிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "ஸ்கூல்ல தெரிஞ்சா லீவு போடச் சொல்வாங்க. கொட்டகையில தெரிஞ்சா படகுல ஏத்த மாட்டாங்க. உனக்கும் எனக்கும் மட்டும் சுகி." நான் என் வீட்டுக்காரரிடம்கூட மூச்சு விடவில்லை. அன்றிலிருந்து எங்கே போனாலும் அவளுக்கு இடது பக்கமாகவே நடக்கிறேன். டீக்கடையில் முதலில் உள்ளே போய், அவள் இடது காது என் பக்கம் வருகிற மாதிரி பெஞ்சில் இடம் பிடிப்பேன். அவள் அதைக் கவனித்தாளோ இல்லையோ, எனக்கு அது ஒரு பதவி. இப்போது பார்த்தால் அந்தப் பதவிக்கு இன்னொரு ஆளையும் போட்டிருக்கிறாள். எப்போது சொல்லியிருப்பாள்? போன ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு லேபில் டியூட்டி, பாதியில் ஓடிவிட்டேன். இவர்கள் இரண்டு பேரும் டீக்கடைக்குப் போயிருப்பார்கள். அந்தப் பெண் வலது பக்கம் உட்கார்ந்து ஏதோ கேட்டிருப்பாள், ரெஜினா காதைத் தொட்டுக் காட்டிச் சொல்லியிருப்பாள். என்னிடம் கையைப் பிடித்துச் சொன்னதை அவளிடம் வடையைக் கடித்துக்கொண்டு சொல்லியிருப்பாள். வந்து மூன்று வாரம் ஆகிறது. மூன்றே வாரத்தில் சம்யு ஆகிவிட்டாள். சுகந்தி சுகியாக இரண்டு வருஷம் ஆனது. ஒரு ஐப்பசி மழையில் ரயில் பாலத்துக்கு அடியில் முக்கால் மணி நேரம் ஒதுங்கிக் கிடந்தோமே, அன்றைக்கு, பல் தந்தியடிக்க, முதல் தடவையாக சுகி என்றாள். நான் அந்தத் தேதியைக் குறித்தெல்லாம் வைக்கவில்லை, ஆனால் கேட்டால் சொல்வேன். அந்தப் பெண் அவளை ரெஜி என்று கூப்பிடுகிறது. என்னை ஆன்ட்டி என்கிறது. ரெஜினாவுக்கு நாற்பத்தொன்பது, எனக்கு நாற்பத்தாறு. எந்தக் கணக்கில் அவள் ரெஜி, நான் ஆன்ட்டி?

கணக்கு என்றால் ரெஜினாவிடம் பதில் இருக்கும், கணக்கு டீச்சர். ஏப்ரலில் பெங்களூரு ஏரியில் ஒரு போட்டி. இரட்டையர் படகில் இரண்டு பேர் வயதையும் கூட்டினால் எண்பதுக்குள் வர வேண்டுமாம். இரண்டு வாரத்துக்கு முன்னால் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எனக்குக் கூட்டிக் காட்டினாள். "நாப்பத்தொம்பதும் நாப்பத்தாறும் தொண்ணூத்தஞ்சு. அவளுக்கு இருபத்தாறு. எழுபத்தஞ்சு. நான் என்னப்பா செய்யட்டும், வயசுக் கணக்கு." நான் சிரித்தேன், போய்ட்டு வா என்றேன், பெங்களூர் விடிகாலைக் குளிருக்குக் காதைக் கட்டிக்கோ என்றுகூடச் சொன்னேன். எவ்வளவு பெரிய மனசு. அந்தப் போட்டி வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம் என்பது வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்கும்போதுதான் தோன்றியது. ஆறு வருஷமாக நாரையில் நாங்கள் இரண்டு பேர். தாளம் போடும் ஸ்ட்ரோக் சீட்டில் அவள், அவளுக்குப் பின்னால் மூக்கு சீட்டில் நான். ஆறு வருஷமாக நான் பார்த்தது அவள் முதுகை. வலது தோள்பட்டைக்குக் கீழே ஒரு மச்சம், பின்கழுத்தில் அடங்காத முடி, களைத்துப்போனால் இடது தோள் அரை விரல் இறங்கும், இறங்கினால் நான் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன். எப்படி நீ எனக்கு முன்னாடியே களைச்சுப் போறே என்று கேலி செய்வாள். நான் களைக்கவில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவள் என்னைப் பார்த்ததே இல்லை. பின்னால் இருப்பவரை முன்னால் இருப்பவர் பார்க்க முடியாது, படகின் அமைப்பு அப்படி. அதற்கு யாரைக் குறை சொல்வது.

அடுத்தது மூடி. நாரைக்கு இரண்டு முனையிலும் காற்றறை. படகு தண்ணீர் குடித்தாலும் மிதக்க வைப்பது அதுதான். இந்த ஊர்ப் புழுக்கத்தில் உள்ளே பூஞ்சை பிடிக்கும் என்று கரைக்கு வந்ததும் மூடிகளைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவோம். போகும்போது பின்மூடியை ஸ்ட்ரோக் சீட்காரர் போட வேண்டும், முன்மூடியை மூக்கு சீட்காரர். நான் எப்போதும் ஆணியிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, படகைத் தோளில் தூக்கிவந்து தண்ணீரில் விட்டு, ஏறுவதற்கு முன்னால் திருகுவேன். இன்றைக்கும் எடுத்தேன். படகு தூக்க நான் ஒரு கை கொடுத்தேன், அந்தப் பெண்ணின் தோளுக்கு எடை பழகவில்லை. போகிற வழியில் கை அதுபாட்டுக்கு ஆணிக்குப் போயிற்று. என் கைதான் போயிற்று, நான் போகவில்லை. படகு தண்ணீரில் இறங்கியது, அவள் என் இடத்தில் ஏறினாள், பாதம் ஊன்றுகிற கால்பட்டையை இரண்டு துளை தள்ளி மாட்டினாள், என்னைவிட உயரம். நான் அந்தக் கால்பட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தள்ளுவதற்கு முன்னால் ஸ்ட்ரோக் சீட்டில் இருப்பவர் சரியா என்று கேட்க வேண்டும், கரை ஆள் படகை ஒருமுறை முழுக்கப் பார்த்துவிட்டு சரி என்று சொல்ல வேண்டும். ரெஜினா கேட்டாள். நான் சரி என்றேன். அப்போது மூடி ஞாபகமே இல்லை. இதை எந்தக் கோவிலிலும் சூடம் அணைத்துச் சொல்வேன். பத்துத் துடுப்பு போன பிறகு கை பைக்குள் போனது, மூடி தட்டுப்பட்டது. அது வரைக்கும் மறதி. அதற்கப்புறம் இரண்டு நிமிஷமாக நடப்பதற்கு என்ன பெயர்? நான் ரத்தப் பரிசோதனை லேபில் இருபது வருஷமாக இருக்கிறவள். ஒருநாளைக்கு முந்நூறு குழாய்க்கு மூடி போடுகிற கை இது. ஒரு மூடி தவறினதில்லை. இன்னொன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடலாம், மனசுக்குள் யார் கேட்கப்போகிறார்கள். "அவளுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்துடு சுகி" என்று ரெஜினா என்னிடம்தான் ஒப்படைத்தாள். பாலத்தின் தூண், சேறு இருக்கிற இடம், மீன்வலை கட்டுகிற இடம், மணி, எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். மூடியைச் சொல்லவில்லை. மறந்தேனா? அது என் வேலை என்று இருந்ததால் சொல்லத் தோன்றவில்லையா? ஒன்றாவது என்னிடமே இருக்கட்டும் என்று நினைத்தேனா? இந்த மூன்றாவதைத் தொட்டதும் மனசு சூடுபட்ட விரல் மாதிரி இழுத்துக்கொள்கிறது.

"இன்னாம்மா, இன்னிக்கு நீ தரையிலயா" என்கிறார் டில்லி. படகுக் கொட்டகைக்குச் சாவியும் காவலும் ரிப்பேரும் எல்லாம் இவர்தான். தோளில் துண்டு, கையில் பெயின்ட் டப்பா. மணி எனக்குப் பின்னால் நாலு எட்டில் தொங்குகிறது. "ஆமா டில்லி." "அந்தப் பொண்ணு இஸ்க்கறதப் பாத்தியா. வெண்ணைல கத்தி வெச்ச மாரி போவுது போட்டு. ரெஜினாம்மா முதுகு இன்னிக்குத்தான் நேரா நிக்குது." முதுகைப் பற்றி என்னிடமா பேசுகிறார்? "உனுக்கு மேலுக்கு முடியலயா, மூஞ்சி ஒரு மாரி கீது." "அதெல்லாம் ஒண்ணுமில்ல." "ஒண்ணுமில்லன்னா சரி" என்று அவர் பெயின்ட் டப்பாவின் மூடியை ஆணியால் நெம்புகிறார். இன்றைக்கு எல்லாருக்கும் மூடிதான் பிரச்சினை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவர் துண்டை உதறிப் போட்டுவிட்டு மோட்டார் படகை எடுத்துவிடுவார். சொல்லப் போகிறேன். ஆனால் சொன்னால், மூடி உன் பையில எப்டி வந்துச்சு என்பார், மறந்துட்டேன் என்பேன், எப்ப ஞாபகம் வந்துச்சு என்பார். இரண்டு நிமிஷம் முன்னால் என்றால், ரெண்டு நிமிசமா இன்னா பண்ணே என்பார். பதில் இருக்கிறது, சொல்ல முடியாது. இந்தக் கேள்வி பதிலையெல்லாம் நான் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ரயில் ஒன்று பாலத்தின் மேல் போகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆறேகால் வண்டி, காலியாக. அது போய் முடிந்ததும் பார்க்கிறேன், பாலத்துக்கு அடியில் படகு இல்லை. அந்தப் பக்கம் போய்விட்டார்கள். இனி மணி அடித்தாலும் கேட்காது. என் நெஞ்சில் ஒரு நிம்மதி இறங்குகிறது. நிம்மதி. இதைவிடக் கேவலம் உண்டா? இனி என் கையில் ஒன்றுமில்லை என்கிற நிம்மதி. தும்பை விட்டாயிற்று, வாலும் போயிற்று.

ரயில் பாலத்தைத் தாண்டி, ஆறு கடலில் சேர்கிற இடத்துக்குக் கிட்டே இருக்கிற பெரிய பாலம் வரை போய்த் திரும்ப இருபது நிமிஷம். இருபது நிமிஷத்தில் என்ன ஆகிவிடும்? ஒவ்வொரு துடுப்புக்கும் மூக்கு அலையைக் கிழிக்கும், நாலு சொட்டு மேல்தட்டில் தெறிக்கும், அதில் ஒரு சொட்டு துளைக்குள் போகும். அவ்வளவுதான். ஒரு குவளைத் தண்ணீர். என்ன, அந்தப் பெண்ணுக்குப் படகு கொஞ்சம் கனக்கும். இன்னிக்கு என்ன இப்படி இழுக்குது என்று ரெஜினா யோசிப்பாள், சுகி இருந்தால் இப்படி இருக்காதே என்று ஒரு நொடி நினைப்பாள். அந்த ஒரு நொடிக்காகத்தானா? ஆமாம். அந்த ஒரு நொடி எனக்கு வேண்டும். சரி, கடல் காற்று எழுந்தால்? பெரிய பாலத்துக்குக் கிட்டே முகத்துவாரக் காற்று ஏழு மணிக்கு முன்னாலேயே சில நாள் எழும். அலை நேராக மேல்தட்டில் ஏறும். நாலு வருஷத்துக்கு முன்னால் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் மூடி சரியாகத் திருகாமல் போய்ப் படகு மூக்குக் குத்தி நின்றது. நீச்சல் தெரிந்த பிள்ளைகள்தான். கரை பத்து அடியில்தான். ஆனால் அந்தப் பத்தடியும் சேறு, இடுப்பு வரை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டது, டில்லி பலகை போட்டுப் படுத்துக்கொண்டே போய் இழுத்தார். ஒரு பையன் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தான், அந்தத் தண்ணீர் அப்படி. ஊர்ச் சாக்கடை மொத்தமும் கலந்த தண்ணீர். லேபில் இருக்கிறவள், அதில் என்னென்ன இருக்கும் என்று பேர் சொல்லி அடுக்குவேன். அந்தத் தண்ணீர் அந்தக் காதுக்குள். பஞ்சில் வாசலைன் தடவி அடைத்திருப்பாள், நான் வாங்கிக் கொடுத்த வாசலைன். குளிக்கும்போது தெறிக்கிற தண்ணீருக்கு அது போதும். தலை முழுகினால் பஞ்சு எந்த மூலைக்கு. கை பைக்குள் மூடியை இறுக்கிப் பிடித்திருக்கிறது, ரப்பர் வளையம் உள்ளங்கையில் வட்டமாகப் பதிகிறது. விடலாம் என்றால் விரல் விடவில்லை.

இது எனக்குப் புதிதும் இல்லை. எட்டாவது படிக்கும்போது பாத்திமுத்து என்று ஒருத்தி, நான்காம் வகுப்பிலிருந்து என் பக்கத்து இடம். ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால் மூன்றாவது பெஞ்சுக்குப் போய்விட்டாள், டீச்சர் மாற்றினாரா தானாகப் போனாளா இன்றைக்கு வரை தெரியாது. அன்று மத்தியானம் அவள் ஜாமெட்ரி பாக்ஸை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். திருடவில்லை, வைத்துக்கொண்டேன். கடைசிப் பீரியட் கணக்குப் பரீட்சை. அவள் காம்பஸ் இல்லாமல் வட்டம் வரைய முடியாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபடி நான் மூன்று வட்டம் வரைந்தேன். மணி அடித்ததும் தரையில் கிடந்ததாகச் சொல்லிக் கொடுத்தேன். "நல்ல வேளை, நீ பார்த்தே" என்றாள். அந்த நல்ல வேளை முப்பத்து மூன்று வருஷமாக என்னிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு அவள் எனக்கு மாங்காய் கொண்டுவந்தாள், உப்பும் மிளகாய்த்தூளும் மடித்துக் கொண்டுவந்தாள், நான் வாங்கித் தின்றேன். புளித்தது. வேண்டியவர்களிடம்தான் எனக்கு இந்தப் புத்தி வருகிறது. என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சிநேகம் பிடிப்பார், ஒருநாளும் வயிறு எரிந்ததில்லை. தங்கைக்கு அம்மா நகையைக் கூடுதலாகவே கொடுத்தாள், போகட்டும் என்று விட்டுவிட்டேன். பக்கத்து இடம் என்று ஒன்று வரும்போதுதான். அந்த இடத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்தால் அடிவயிற்றில் யாரோ அடுப்பு மூட்டுகிற மாதிரி இருக்கிறது. இந்த வயதில், பேத்தி எடுக்கிற வயதில், வெட்கமாக இருக்கிறது. எரிவது நிற்கவில்லை.

"காத்து எயும்பிருச்சி பாரும்மா" என்கிறார் டில்லி. ஆகாயத்தாமரைத் திட்டு ஒன்று நின்ற இடத்தில் திரும்புகிறது. தண்ணீர் முழுக்கச் சின்னச் சின்னச் சுருக்கம். "ஏழு மணிக்குத்தானே எழும்பும்?" "அதுக்கு இன்னா வாச்சா கட்டி உட்ருக்கோம்." சொல், சொல்லிவிடு. "டில்லி" என்கிறேன். "இன்னா?" "அந்த மோட்டார்ல பெட்ரோல் இருக்கா?" "ரொம்பிக் கீது. ஏன்?" "சும்மா கேட்டேன்." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு தூரிகையைத் துடைக்கிறார். சும்மா கேட்டேனாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்குச் சோறாவது வேண்டும், என்னிடம் அதுவும் இல்லை. அவர்கள் இப்போது திரும்பும் இடத்தில் இருப்பார்கள். திரும்பும்போதுதான் அலை பக்கவாட்டில் வரும். அந்தப் பெண் புதிது, ஒரு துடுப்பைச் சரியாகப் படுக்க வைக்காமல் விட்டால் போதும். நான் இருந்தால் இடது துடுப்பை அழுத்திப் பிடிப்பேன், ரெஜினா எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மணி ஆறு முப்பத்தைந்து. வந்திருக்க வேண்டும். ஆறு முப்பத்தேழு. பாலத்தின் ஐந்து கண்ணையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். மாதாவே, என்று வருகிறது வாயில், எனக்கு மாதா பழக்கமில்லை, ரெஜினாவின் மாதா. அவள் ஆஸ்பத்திரியில் சொன்னது ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாதாவே, வந்தால் போதும், அந்தப் பெண்ணோடேயே பெங்களூர் போகட்டும், கோப்பை வாங்கட்டும், அவளைத் தங்கம் பவுன் என்று கூப்பிடட்டும், அந்தக் காதில் மட்டும் தண்ணீர் படக் கூடாது. ஆறு முப்பத்தொன்பதுக்கு நடுக்கண் வழியாக நாரையின் மூக்கு வெளியே வருகிறது.

வந்துவிட்டார்கள். வந்துவிட்டார்கள் என்றதும் உடம்பு முழுக்க இளகி, உடனே கண் என்ன பார்க்கிறது என்றால், எவ்வளவு ஒழுங்காக வருகிறார்கள். வருகிறவர்களின் முதுகுதான் கரைக்குத் தெரியும். சம்யுக்தாவின் முதுகு, அதற்கு அப்பால் ரெஜினாவின் தோள் நுனி. நாலு துடுப்பும் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் போகின்றன, ஒரே நேரத்தில் வெளியே வருகின்றன, சொட்டுகள் ஒரே வரிசையாக விழுகின்றன. ஆறு வருஷத்தில் நாங்கள் இப்படி வந்திருக்கிறோமா? வந்திருந்தாலும் எனக்கு எப்படித் தெரியும், நான் உள்ளே இருந்தேன், கரையிலிருந்து பார்க்கவில்லை. இவ்வளவு நேரம் மாதாவிடம் கெஞ்சியதெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அடுப்பு மறுபடி மூண்டுவிட்டது. அப்புறம்தான் மூக்கைப் பார்க்கிறேன். தாழ்ந்திருக்கிறது. நாரை எப்போதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு வரும். இன்றைக்குத் தலை குனிந்து வருகிறது, ஒவ்வொரு துடுப்புக்கும் தண்ணீர் மேல்தட்டில் ஏறித் துளையைச் சுற்றி வழிகிறது. என் கண்ணுக்குத்தான் அப்படித் தெரிகிறதா? டில்லி குனிந்து பெயின்ட் அடிக்கிறார், அவர் பார்க்கவில்லை. இன்னும் நூறு மீட்டர். கரைக்கு வந்துவிட்டால் சத்தம் போடாமல் நானே போய் மூக்கைப் பிடிப்பேன், தூக்கும்போது தண்ணீரைச் சாய்த்துவிடுவேன், மூடியை ஆணியில் மாட்டிவிடுவேன், யாருக்கும் தெரியாது. பாத்திமுத்துவின் நல்ல வேளை மாதிரி இதுவும் போய்விடும். எண்பது மீட்டர். வா, வந்துவிடு.

படகு நிற்கிறது. நின்று, திரும்புகிறது. மெதுவாக, வழக்கத்தைவிட மெதுவாக, மூக்கு ஆற்றின் பக்கம் போய்ப் பின்பக்கம் கரைக்கு வருகிறது. இப்போது ரெஜினாவின் முகம் எனக்கு நேராக இருக்கிறது. ஒரு கையைத் துடுப்பிலிருந்து எடுத்து ஆள்காட்டி விரலை உயர்த்திக் காட்டுகிறாள். இன்னும் ஒரு சுற்று. முகம் சிவந்து, நெற்றியில் முடி ஒட்டி, இருபது வயதுக்காரி மாதிரி இருக்கிறாள். என்னோடு அவள் இரண்டாவது சுற்று போனதே இல்லை. ஒண்ணு போதும்பா, டீ குடிக்கலாம் என்பாள். அந்த விரலைப் பார்த்ததும் என் கால் நடந்துவிட்டது. நாலு எட்டு. மணியின் கயிற்றைப் பிடித்துவிட்டேன். காதுக்காகவா, அந்த விரலுக்காகவா? யாராவது கேட்டால் காதுக்காக என்றுதான் சொல்வேன், எனக்கே நான் அப்படித்தான் சொல்லிக்கொள்ளப் போகிறேன், இதை இப்போதே தெரிந்துவைத்திருக்கிறேன். அடிக்கிறேன். ஒன்று. டில்லி நிமிர்கிறார். இரண்டு. மரத்திலிருந்து காக்கைகள் எழும்புகின்றன. மூன்று. வலது கையில் கயிறு, இடது கை இன்னும் பைக்குள்ளேயே இருக்கிறது.

டில்லிதான் முதலில் இறங்கிப் படகைப் பிடித்தார். படகின் மூக்கில் கை வைத்தவர் "ஐயோ, இன்னாம்மா இது, தெறந்து கீது" என்றார். இரண்டு பேரையும் இறக்கிவிட்டுப் படகைச் சாய்த்தபோது துளையிலிருந்து தண்ணீர் கறுப்பாகக் கொட்டியது, கொட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு வாளிக்குக் குறையாது. "அடுத்த ரவுண்டு போயிருந்தா பாலத்தாண்ட குத்திருக்கும்" என்றார். சம்யுக்தாவின் முகம் வெளுத்துவிட்டது. "என் மிஸ்டேக்தான். மூக்கு சீட்ல நான்தானே இருந்தேன், நான் செக் பண்ணியிருக்கணும். சாரி ரெஜி. தேங்க் யூ ஆன்ட்டி, நீங்க மட்டும் பார்க்கலேன்னா..." அவள் கண் கலங்கியிருந்தது. இவ்வளவு நல்ல பெண்ணாக இருக்கத்தான் வேண்டுமா? நான் ரெஜினாவின் வலது காதைப் பார்த்தேன். பஞ்சு வெள்ளையாக, காய்ந்து இருந்தது. அவள் வெறுங்காலோடு சரிவில் ஏறி என் எதிரில் வந்து நின்றாள். சரிவு முழுக்கப் பாசி, ஈரம், கால் வைத்தால் சில்லென்று ஏறும். "மூடி எங்கே?" என்றாள். நான் பையிலிருந்து எடுத்தேன், எடுத்ததை அவள் பார்த்தாளா என்று தெரியவில்லை, டில்லி பக்கம் திரும்பியிருந்தாள் என்றுதான் நினைக்கிறேன். "இங்க சரிவுல, தண்ணில கிடந்தது" என்றேன். "இப்பதான் பார்த்தேன். உடனே மணி அடிச்சுட்டேன்." அவள் கையை நீட்டினாள். கொடுத்தேன். மூடியை வாங்கி விரல்களை மடக்கினாள். பிறகு விரித்தாள், புரட்டினாள், ரப்பர் வளையத்தைக் கட்டை விரலால் தடவினாள், ஒரு பொட்டு ஈரம் இல்லை. என் முகத்தைப் பார்த்தாள். ஆறு வருஷத்தில் அவ்வளவு நேரம் அவள் என்னைப் பார்த்ததில்லை.

"சூடா இருக்கு, சுகந்தி" என்றாள்.